173 செ.மீ., 52 கிலோ: பெருங்குடி பி.ஜி.யில் இருக்கும் தம்பிக்கு எடை ஏற என்ன செய்யலாம்?

அம்பத்தூர் அக்கா:

வணக்கம். தம்பிக்காகக் கேட்கிறேன். வயது 22, உயரம் 173 செ.மீ., எடை 52 கிலோ. இரண்டு வருடமாக முள் அதே இடத்தில்தான் நிற்கிறது. பெருங்குடியில் பி.ஜி. (பேயிங் கெஸ்ட்) விடுதியில் தங்கியிருக்கிறான். மதியம் 2 மணியிலிருந்து இரவு 11 மணி வரை ஷிப்ட். அறையில் ஒரு கெட்டில் இருக்கிறது, அடுப்பும் ஃபிரிட்ஜும் கிடையாது.

காலை 10 மணிக்கு எழுந்து ஒரு டீ. 12.30-க்கு பி.ஜி. சாப்பாடு: தட்டு நிறையச் சோறு, சாம்பார், பொரியல், அப்பளம், மோர். மாலையில் டீயும் இரண்டு பஜ்ஜியும். ஷிப்ட் முடிந்து 11.30-க்கு இரண்டு பரோட்டா, சால்னா. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் கறி, மீன் என்று ஒரு பிடி பிடிப்பான். "நான் நல்லாத்தான் சாப்பிடுறேன்க்கா, உடம்புல ஒட்ட மாட்டேங்குது" என்கிறான்.

கூட வேலை பார்க்கும் ஒருவர் ஏதோ மாத்திரை சொன்னாராம், ஒரே மாதத்தில் கன்னம் வைக்குமாம். ஜிம்மில் மாஸ் கெயினர் என்ற எடை ஏற்றும் பொடி டப்பா வாங்கச் சொல்கிறார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அதனால் எதைக் கொடுக்கவும் பயமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பொதுமருத்துவம்:

அந்த மாத்திரை வேண்டாம், இன்னும் வாங்கவில்லை என்றால் வாங்க விடாதீர்கள். "கன்னம் வைக்கும் மாத்திரை" என்று கைமாறுவதில் பெரும்பாலும் இரண்டு மருந்துகள்தான் இருக்கும். ஒன்று சைப்ரோஹெப்டடின். அது அலர்ஜிக்கான மருந்து. பசியைத் தூண்டும், கூடவே தூக்கக் கலக்கத்தையும் கொடுக்கும், இரவு பைக்கில் திரும்புகிறவருக்கு ஆபத்து. நிறுத்தினால் பசியும் போய்விடும். இன்னொன்று டெக்ஸாமெத்தசோன், அதாவது ஸ்டீராய்டு. அதில் முகம் உப்புவது சதையால் அல்ல. நீரும் கொழுப்பும் முகத்தில் சேருவதுதான். கை, தொடைச் சதையை அது கரைக்கும், சர்க்கரையை ஏற்றும், எலும்பைப் பலவீனமாக்கும். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கும் குடும்பத்தில் இது இன்னும் மோசம். ஏற்கெனவே சில வாரங்கள் போட்டிருந்தால் திடீரென்று நிறுத்தவும் கூடாது. உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு அடங்கிப் போயிருக்கும், மயக்கம், ரத்த அழுத்தம் இறங்குவது வரை போகலாம். மாத்திரை அட்டையோடு மருத்துவரைப் பார்த்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இனி எடைக் கணக்கு. 52-ஐ 1.73-ஆல் இரண்டு முறை வகுத்தால் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண், 17.4 வருகிறது. 18.5-க்குக் கீழே இருப்பது எடைக் குறைவு. இந்த உயரத்துக்கு 18.5 என்பது 55.4 கிலோ. ஆக முதல் இலக்கு 56, அடுத்தது 60. அதற்கு மேல் இப்போது யோசிக்க வேண்டாம்.

இரண்டு வருடமாக எடை நிலையாக இருப்பது நல்ல அறிகுறி. கவலைப்பட வேண்டியது குறைந்துகொண்டே போகும் எடை: முயற்சி எதுவும் இல்லாமல் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் போனால் காரணம் தேடியே ஆக வேண்டும். அது இல்லாவிட்டாலும் இவற்றை மட்டும் கேட்டுப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை உண்டா? காசநோயைப் பார்க்க வேண்டும். சளிப் பரிசோதனையும் சிகிச்சையும் அரசு மருத்துவமனையில் இலவசம். நெஞ்சுப் படபடப்பு, கை நடுக்கம், அடிக்கடி மலம் கழிப்பது உண்டா? தைராய்டு. அதிகத் தாகம், இரவில் பலமுறை சிறுநீர்? சர்க்கரை, 22 வயதிலும் வரும். மலம் எண்ணெய்ப் பிசுக்கோடு மிதக்கிறதா, சாப்பிடவே பயப்படுகிறானா என்பதையும் கேளுங்கள். அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் ரத்த அணுக்களின் எண்ணிக்கை, டி.எஸ்.ஹெச். (தைராய்டு பரிசோதனை), வெறும் வயிற்றுச் சர்க்கரை, சிறுநீர் ஆகிய நான்கையும் ஒரு முறை பார்த்துவிட்டுத் தொடங்கினால் மனசு நிம்மதி. பக்கத்தில் உள்ள மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

வயிற்றுப் பூச்சிக்கான மருந்தை மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். "எதற்கும் ஒன்று" என்று மாதாமாதம் போடும் பழக்கம் வேண்டாம்.

தட்டுக்கணக்கு:

ஒட்டவில்லை என்பதல்ல விஷயம், உள்ளே போவதே போதவில்லை. நீங்கள் எழுதியதையே கூட்டிப் பார்ப்போம். காலை டீ 100 கலோரி. மதியம் சோறு 400 கிராம் என்று வைத்தால் 520. சாம்பார், பொரியல், அப்பளம், மோர் சேர்த்து இன்னொரு 260. மாலை டீ, பஜ்ஜி 300. பரோட்டா இரண்டும் சால்னாவும் 700. மொத்தம் சுமார் 1,880. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைச் சேர்த்து ஏழு நாளுக்குப் பங்கு போட்டால் 2,000 பக்கம் வரும். இந்த உயரம், எடை, வயது, உட்கார்ந்து பார்க்கும் வேலை எல்லாவற்றுக்கும் உடம்பு செலவழிப்பதும் 2,000 முதல் 2,100 தான். வரவும் செலவும் ஒன்று, முள் எப்படி நகரும்? ஒரு வேளைக்கு வயிறு நிறையச் சாப்பிடுவதைத்தான் அவர் "நல்லாச் சாப்பிடுறேன்" என்கிறார். அது உண்மைதான். ஆனால் முந்தைய இரவு 11.30-லிருந்து மறுநாள் 12.30 வரை, 13 மணி நேரம், ஒரு டீயில் ஓடுகிறது.

அதைவிடப் பெரிய ஓட்டை புரதம். மேலே சொன்ன சாப்பாட்டில் நாளைக்கு 40 கிராம் தேறினால் அதிகம். எடைப் பயிற்சி செய்து சதை வைக்க உடல் எடை கிலோவுக்கு 1.6 கிராம், அதாவது சுமார் 83 கிராம் வேண்டும். புரதத்தை விட்டுவிட்டுக் கலோரியை மட்டும் ஏற்றினால் இடுப்பில் போய் உட்காரும். கையும் காலும் குச்சியாக, வயிறு மட்டும் முன்னால் வந்த உடம்பு நம் ஊரில் நிறைய உண்டு. சர்க்கரை வருவதும் அவர்களுக்குத்தான் சீக்கிரம்.

எனவே நாளைக்கு 400 முதல் 550 கலோரி மட்டும் கூட்டுவோம். ஒரே நாளில் எல்லாம் மாற்றினால் மூன்றாம் நாள் வயிறு உப்பி, மொத்தமாக விட்டுவிடுவார். வாரத்துக்கு ஒரு மாற்றம்.

முதல் வாரம் காலை நேரம் மட்டும். எழுந்த அரை மணிக்குள் இரண்டு அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம், 200 மி.லி. கொழுப்பு நீக்காத பால். 415 கலோரி, 19 கிராம் புரதம். அந்த டீ வேண்டுமென்றால் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து; வெறும் வயிற்று டீ பசியைக் கொல்லும், சாப்பாட்டோடு குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது.

முட்டைக்குக் கெட்டிலே போதும். கழுவிய முட்டையைக் கெட்டிலில் வைத்து, முட்டைக்கு மேல் ஒரு விரல்கடை நிற்கும்படி தண்ணீர் ஊற்றிப் போடுங்கள். கொதித்துத் தானாக அணைந்ததும் மூடியைத் திறக்காமல் 12 நிமிடம் விடுங்கள். உடைத்துப் பார்த்து மஞ்சள் கரு இளகலாக இருந்தால் இன்னொரு கொதி. முதல் தடவை எத்தனை நிமிடம் பிடித்தது என்று பார்த்துவிட்டால் அந்தக் கெட்டிலுக்கு அதுதான் கணக்கு. ஓடு விரிசல் விட்ட முட்டையைப் போட வேண்டாம், வெள்ளை வெளியே வந்து கெட்டிலின் அடியில் பிடித்துக்கொள்ளும். அவித்ததைச் சென்னை வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

பால்தான் ஃபிரிட்ஜ் இல்லாத அறையில் சிக்கல். ஆவின் ஆரஞ்சு பாக்கெட் கொழுப்பு மிகுந்தது, ஆனால் அரை லிட்டரை உடைத்தால் அன்றே தீர்க்க வேண்டும். பக்கத்து அறைக்காரருடன் பங்கு போடலாம். இல்லையென்றால் முழுக்கொழுப்புப் பால் பவுடர் 30 கிராம் வெந்நீரில் கரைத்தால் 150 கலோரி, 8 கிராம் புரதம். வாங்கும்போது உறையைப் படிக்கச் சொல்லுங்கள். டெய்ரி ஒயிட்னர் என்று போட்டிருப்பதில் சர்க்கரை கலந்திருக்கும், பால் பவுடர் என்று நினைத்து வாங்கி ஏமாறுவது அதில்தான்.

இரண்டாம் வாரம் பஜ்ஜிக்குப் பதில் ஒரு கைப்பிடி, 30 கிராம் வறுத்த வேர்க்கடலையும் மூன்று பேரீச்சம்பழமும். 240 கலோரி. பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம். கடலையைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மழைக்காலத்தில் ஈரம் ஏறிச் சிக்கு வாடை வந்தாலோ, சுருங்கிக் கறுத்த பருப்பு கண்ணில் பட்டாலோ தின்ன வேண்டாம். பூஞ்சை பிடித்த கடலையில் உள்ள நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுக்கப் போகாது.

அதே வாரம் மதியச் சாப்பாட்டில் மோருக்குப் பதில் ஒரு கிண்ணம், 200 கிராம் தயிர். சோற்றைக் கூட்ட வேண்டியதில்லை. சாப்பிடுவதற்கு முன் ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கும் பழக்கம் இருந்தால் அதைச் சாப்பிட்ட பிறகு மாற்றுங்கள்.

மூன்றாம் வாரம் இரவு. இரண்டு பரோட்டாவில் ஒன்றைக் குறைத்து இரண்டு முட்டை ஆம்லெட். கலோரி கொஞ்சம் இறங்கும், புரதம் ஏறும். இட்லிக் கடை திறந்திருந்தால் நான்கு இட்லி, கெட்டிச் சாம்பார், ஆம்லெட் இன்னும் நல்லது. சாப்பிட்ட உடனே படுத்தால் நெஞ்செரிச்சல் வரும்; ஒன்றரை மணி நேரமாவது போகட்டும்.

இது வரைக்கும் சேர்த்தால் பழைய கணக்குக்கு மேல் சுமார் 390 கலோரி, புரதம் 75 கிராம். பயிற்சி உள்ள நாளில் 100 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் ஒன்று சேர்ந்தால் 555, 84 கிராம். அதோடு நிறுத்துங்கள். பட்ஜெட் இடித்தால், அம்மா உணவகத்தில் தயிர் சாதம் 3 ரூபாய்தான், மதியம் பி.ஜி. சாப்பாடு பிடிக்காத நாளில் இரண்டு தட்டு வாங்கிக்கொண்டு முட்டையை மட்டும் கூடச் சேர்த்துக்கொள்ளலாம். ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு அதிகம் என்று வந்தால் மட்டும் நாலு முட்டைக் கணக்கை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கர்லாக்கட்டை:

அக்கா, சாப்பாட்டுக் கணக்கு அருமையாக வந்துவிட்டது. அந்தக் கலோரி சதையாகப் போக வேண்டுமென்றால் உடம்புக்கு ஒரு காரணம் கொடுக்க வேண்டும், அதுதான் எடைப் பயிற்சி. ஜிம்மில் சேர்ந்ததும் பையன்கள் செய்யும் தப்பு இரண்டு. தினமும் நெஞ்சும் பைசெப்ஸும் மட்டும் அடிப்பது ஒன்று. "ஸ்டாமினா"வுக்காக டிரெட்மில்லில் 45 நிமிடம் ஓடுவது இன்னொன்று. 52 கிலோ ஆள் 45 நிமிடம் ஓடினால் சுமார் 300 கலோரி போய்விடும், காலையில் கஷ்டப்பட்டுச் சாப்பிட்டதில் முக்கால்வாசி. நடக்கட்டும், 20 நிமிடம் போதும், பசியும் எடுக்கும்.

வாரத்துக்கு மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். காலைச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, 11.30 வாக்கில், 50 நிமிடம். ஒரு நாள் ஸ்குவாட், டம்பெல் பெஞ்ச் பிரஸ், குனிந்து இழுக்கும் ரோ, முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகை போல நிறுத்தும் பிளாங்க். மறுமுறை இடுப்பிலிருந்து குனிந்து எடையைத் தூக்கும் ரொமானியன் டெட்லிஃப்ட், தோள் பிரஸ், தலைக்கு மேலிருந்து கம்பியை நெஞ்சுக்கு இழுக்கும் லேட் புல்டவுன், ஒரு காலை முன்வைத்து இறங்கும் லஞ்ச். இப்படியே மாறி மாறி. ஒவ்வொன்றும் 3 செட், செட்டுக்கு 8 முதல் 12 தடவை, நடுவில் 2 நிமிடம் ஓய்வு. "இன்னும் இரண்டு தடவை முடியும்" என்கிற இடத்தில் செட்டை நிறுத்த வேண்டும். மூன்று செட்டிலும் 12 சுத்தமாக வந்த பிறகுதான் அடுத்த முறை 2.5 கிலோ ஏற்றுவது. தோள் பிரஸுக்கு 1 கிலோ ஏற்றினாலே பெரிய விஷயம். ஒரு நோட்டில் தேதி, எடை, எத்தனை தடவை என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். எழுதாதவர் மூன்று மாதம் ஒரே எடையைத் தூக்கிக்கொண்டிருப்பார், தனக்கே தெரியாது.

வெறும் ராடிலிருந்து தொடங்கட்டும். ஆனால் ராடு என்ன எடை என்று கேட்டுக்கொள்ள வேண்டும்: ஒலிம்பிக் ராடு 20 கிலோ, சின்ன ஜிம்களில் இருக்கும் மெல்லிய ராடு அதில் பாதிதான் இருக்கும். 20 தோள் பிரஸுக்குக் கனம் என்றால் 5 கிலோ டம்பெல் ஜோடி.

ஸ்குவாட்டைக் கொஞ்சம் விளக்குகிறேன், மூட்டு வலி என்று விடுபவர்கள் இங்கேதான் விடுகிறார்கள். கால் தோள் அகலம், பாதம் லேசாக வெளிப்பக்கம். பின்னால் ஒரு முக்காலி இருப்பதாக நினைத்து இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி இறங்க வேண்டும். எடை குதிகாலிலும் பெருவிரலிலும் சுண்டுவிரலிலும் சமமாக இருக்கிறதா என்று கவனிக்கச் சொல்லுங்கள். குதிகால் தரையை விட்டுக் கிளம்பினால் கணுக்கால் இறுக்கம். இரண்டு குதிகாலுக்கும் கீழே மெல்லிய பிளேட் வைத்துச் செய்யலாம். எழும்பும்போது முட்டி இரண்டும் உள்ளே சாய்ந்தால் எடை அதிகம், குறைக்க வேண்டும். மூச்சை இழுத்து வயிற்றை இறுக்கி இறங்கி, பாதிக்கு மேல் எழும்பிய பிறகு விட வேண்டும்.

ஜிம்முக்குப் போக முடியாத வாரம் அறையிலேயே தண்டால், பஸ்கி. பஸ்கி 20 சுலபமாக வந்ததும் பி.ஜி.யில் கிடக்கும் 20 லிட்டர் வாட்டர் கேனை எடுத்துக்கொள்ளலாம். எத்தனை லிட்டர் நிரப்புகிறோமோ அத்தனை கிலோ. 8 லிட்டரில் தொடங்கி, மூடியை இறுக்கி, கேனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கி எழ வேண்டும். தண்ணீர் உள்ளே அலம்புவதால் அதே கிலோ டம்பெல்லைவிடச் சிரமமாகத்தான் இருக்கும், மெதுவாகச் செய்யட்டும்.

முதல் நாளே ஆர்வத்தில் நூறு பஸ்கி போட வேண்டாம். இரண்டு நாள் சதை வலிப்பது சகஜம். மூட்டில் ஊசி குத்துவது போல வலித்தால் நிறுத்த வேண்டும். சதை வீங்கி, சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனை. சதை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலை அது. மே மாதத்தில் ஏசி இல்லாத ஜிம் என்றால் உப்புப் போட்ட மோர் ஒரு பாட்டில் கூடவே இருக்கட்டும்.

தூக்கம் 7, 8 மணி நேரம். இரவு 1.30-க்குப் படுத்தால் 9.30 வரை தூங்கட்டும், ஜன்னலுக்கு ஒரு கனத்த திரை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

அம்பத்தூர் அக்கா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மாத்திரை இன்னும் வாங்கவில்லையாம், கண்டித்துச் சொல்லிவிட்டேன். மூன்று சந்தேகம். பால் குடித்தால் அவனுக்கு வயிறு பொருமும். புரட்டாசி முழுக்க வீட்டில் முட்டை, கறி கிடையாது, அவனும் அந்த விரதத்தை விட மாட்டான். அந்த மாஸ் கெயினர் வாங்கலாமா? எத்தனை நாளில் தெரியும் என்றும் கேட்கிறான்.

தட்டுக்கணக்கு:

பொருமினால் பாலை 100 மி.லி. ஆக்கி வாழைப்பழத்தோடு சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம். அப்போதும் பொருமினால் பாலுக்குப் பதில் தயிர். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை தயிராகும்போது ஓரளவு குறைந்துவிடும், பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும்.

புரட்டாசிக்கு மீல் மேக்கர் இருக்கிறது. காய்ந்தது 25 கிராமில் 13 கிராம் புரதம், இரண்டு முட்டைக்குச் சமம். கெட்டில் வெந்நீரில் உப்புப் போட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து, இன்னொரு முறை தண்ணீரில் அலசிப் பிழிந்தால் அந்தப் பச்சை வாடை போகும். மதியச் சாம்பாரில் போட்டுக்கொள்ளலாம்.

மாஸ் கெயினர் டப்பாவைத் திருப்பிப் பொருள் பட்டியலைப் படியுங்கள். முதலில் எழுதியிருப்பதுதான் உள்ளே அதிகம். பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்று இருக்கும், அது மாவுச்சத்துப் பொடி. ரத்தச் சர்க்கரையைச் சர்க்கரை போலவே ஏற்றும். உங்கள் வீட்டுக்கு அது வேண்டாம். அந்த வேலையை வீட்டு மாவே செய்யும்: பொட்டுக்கடலை 300 கிராம், வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 200, கறுப்பு எள் 50, நாட்டுச் சர்க்கரை 100. 50 கிராம் மாவுக்கு சுமார் 220 கலோரி, 9 கிராம் புரதம். சுண்டல் கிடைக்காத நாளில் அதன் இடத்துக்கு இது.

அரைப்பதில் ஒரு பக்குவம் இருக்கிறது. கடலையும் எள்ளும் சூடாக இருக்கும்போது மிக்ஸியில் போட்டால் எண்ணெய் விட்டுக் களி போல ஒட்டிக்கொள்ளும். முழுக்க ஆறவிட்டு, பொட்டுக்கடலையைத் தனியாகப் பொடித்து, அதில் பாதியோடு கடலை, எள்ளைச் சேர்த்து விட்டு விட்டு ஓட்டுங்கள். பொட்டுக்கடலை மாவு எண்ணெயை இழுத்துக்கொள்ளும். சர்க்கரையைக் கடைசியில் கலக்கலாம். தயிரிலோ வெதுவெதுப்பான தண்ணீரிலோ கரைத்துக் குடிக்க வேண்டும், கொதிநீரில் போட்டால் கட்டி தட்டும்.

பொதுமருத்துவம்:

எத்தனை நாள் என்ற கேள்விக்கு: வாரத்துக்கு 250 முதல் 500 கிராம். மூன்று மாதத்தில் 3 முதல் 6 கிலோ. முதல் பத்து நாளிலேயே ஒரு கிலோ ஏறினால் கொண்டாட வேண்டாம், அது பெரும்பாலும் நீரும் வயிற்றில் இருக்கும் சாப்பாடும்தான்.

காலையில் எழுந்து, கழிவறை போய்வந்து, சாப்பிடும் முன் எடை பார்க்கட்டும். தினமும் பார்த்து ஏழு நாள் சராசரி எடுத்தால்தான் உண்மை தெரியும். ஞாயிறு கறிச் சாப்பாட்டுக்கு மறுநாள் எடையை மட்டும் பார்த்தால் ஏமாற்றும். இரண்டு வாரம் சராசரி நகராவிட்டால் 150 முதல் 200 கலோரி கூட்டுங்கள். வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் ஏறினால் அதே அளவு குறையுங்கள்.

கூடவே மாதம் இருமுறை தொப்புள் மட்டத்தில் இன்ச் டேப் வைத்து இடுப்பை அளக்க வேண்டும், மூச்சை வெளியே விட்ட நிலையில், வயிற்றை எக்காமல். எடை 2 கிலோ ஏறும்போது இடுப்பு ஒன்றிரண்டு செ.மீ. கூடுவது சரி. அதற்கு மேல் வேகமாக ஏறினால் பயிற்சி நோட்டைப் பாருங்கள், தூக்கும் எடை ஏறாமல் நின்றிருக்கும். நம்மூர் ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ.யைத் தொடக் கூடாது. அவர் இப்போது அதற்கு வெகு கீழே இருப்பார், அங்கேயே வைத்துக்கொள்வது நல்லது. அம்மாவுக்கு இருப்பதால் சர்க்கரைப் பரிசோதனையை ஆண்டுதோறும் தொடரட்டும்.

அம்பத்தூர் அக்கா:

குறித்துக்கொண்டேன். ஞாயிறு வரும்போது மாவு அரைத்துக் கொடுத்து அனுப்புகிறேன். ஃபிரிட்ஜ் இல்லாமல் எத்தனை நாள் தாங்கும்?

தட்டுக்கணக்கு:

மேலே சொன்ன அளவுக்கு 650 கிராம் வரும், நாளைக்கு 50 என்றால் 13 நாள். அதுவரை தாராளமாகத் தாங்கும். அதற்கு மேல் சேர்த்து அரைக்காதீர்கள், கடலை எண்ணெய் சிக்கு வாடை பிடிக்கும். எவர்சில்வர் டப்பா, இறுக்கமான மூடி, உள்ளேயே ஒரு காய்ந்த கரண்டி. கழுவிய ஈரக் கரண்டியை விட்டால் இரண்டே நாளில் பூஞ்சை வரும். டப்பா மேல் அரைத்த தேதியை எழுதி ஒட்டிவிடுங்கள்.